பாண்டிச்சேரியில் இரண்டு நாள்

"முதல்ல மணக்குள விநாயகர், அப்புறம்தான் பீச்!"

"வெயில் ஏறினப்புறம் மணல்ல கால் வைக்க முடியுமா சம்பந்தியம்மா? சூரியோதயம் பார்த்துட்டுத்தான் கோவில்!"

பெங்களூரு லிங்கராஜபுரத்துச் சின்ன வீட்டின் கூடத்தில் பிரபாவதி விட்டுக்கொடுப்பதாக இல்லை. இதற்கென்றே ஹெப்பகோடியிலிருந்து பஸ் ஏறி வந்திருந்த மகனின் மாமியார் கோகிலாவும் விடுவதாக இல்லை. மகன் பரணிக்கு ஆபீஸில் கெஞ்சிக் கூத்தாடிக் கிடைத்ததே இரண்டு நாள் லீவு. அதை வீணடிக்க முடியுமா?

"படகுல போகணும் சம்பந்தியம்மா," என்றாள் பிரபாவதி.

"சும்னே எதுக்கு அந்த வீண் வேலை? எனக்குத் தலை சுத்தும்."

"அப்ப நீங்க கரையில உட்காருங்க. நான் பசங்களோட போறேன்."

"அதெப்படி? நீங்க போனா நானும் வருவேன்!"

கோகிலா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிரபாவதியே சற்று இறங்கி வந்தாள்.

"சரி, ரூமாவது ஒண்ணு போடுவோம். பெருசாப் பார்த்துப் போட்டா நாலு பேரும் பேசிக்கிட்டே படுத்துக்கலாம்."

அதில் மட்டும் கோகிலாவுக்கு ஆட்சேபணையே இல்லை.

காப்பி கொண்டுவந்த மருமகள் யாழினி தட்டைக் கீழே வைத்தாள்.

"அத்தே, அம்மா, பாண்டிச்சேரிக்கு நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க. எங்க ஹனிமூனை நாங்க இந்த வீட்டுலயே வச்சுக்கறோம்."