மூன்றாவது வரி

"பிள்ளைங்க ரெண்டு பேருக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்துடுங்க டாக்டரம்மா. என்கிட்டேருந்து தொத்தியிருக்குமோன்னு பயமா இருக்கு."

நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள் அந்தத் தையல்காரி. பிள்ளைகள் இருவரும் வெளியே பெஞ்சில் ஒருவரையொருவர் கிள்ளிக்கொண்டிருந்தார்கள்.

"உங்களுக்கு என்ன உடம்புக்கு?" என்றார் டாக்டரம்மா.

"மஞ்சள் காமாலைக் கிருமி. 'பி'ன்னு சொல்றாங்களே, அது." சொல்லும்போதே அவள் குரல் உள்ளே போனது. "வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது. தெரிஞ்சா, எங்கேருந்து வந்துச்சும்பார். நான் என்னத்தைச் சொல்றது?"

"எந்த டாக்டர் சொன்னாங்க?"

"யாரும் சொல்லல. தெருமுனை லேப்ல பேப்பரைக் குடுத்தாங்க. பாசிட்டிவ்னு போட்டிருந்துச்சு. அது படிக்கத் தெரியாதா எனக்கு?"

அதற்கப்புறம் போனில் தேடிப் பார்த்தாளாம். ஈரல் சுருங்கும், புற்றுநோய் வரும் என்றெல்லாம் இருந்ததாம். அன்றிலிருந்து தனக்குத் தனித் தட்டு, தனி டம்ளர். பிள்ளைகளுக்கு ஒரு முத்தம்கூடக் கொடுப்பதில்லை. "அம்மாவுக்கு என்னைப் பிடிக்கல" என்று சின்னவள் அப்பாவிடம் போய் அழுதாளாம்.

டாக்டரம்மா பேப்பரை வாங்கிப் பிரித்தார். பார்த்தவுடன் அவர் முகம் மலர்ந்தது. காலையிலிருந்து யார் யாருக்கோ கெட்ட செய்தி சொல்லிச் சொல்லி அவருக்கு வாயே கசந்து போயிருந்தது.

"இங்கே பாருங்க, மூணு வரி இருக்கு. முதல் வரி, கிருமி உடம்புல இருக்கான்னு பார்த்தது. நெகட்டிவ். ரெண்டாவது, முன்னாடி எப்பவாவது வந்துட்டுப் போச்சான்னு பார்த்தது. அதுவும் நெகட்டிவ். மூணாவது, கிருமி வந்தா விரட்டியடிக்க உடம்புல காவல் இருக்கான்னு பார்த்தது. அதுக்குத்தான் பாசிட்டிவ்."

"பாசிட்டிவ்னா நோய்தானே?"

"எதைத் தேடினாங்களோ அது கிடைச்சா பாசிட்டிவ். இந்த வரியில தேடினது காவல்காரனைம்மா, திருடனை இல்ல! நீங்க எப்பவாவது தடுப்பூசி போட்டிருக்கீங்களா?"

அவள் யோசித்தாள். "கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு ஆஸ்பத்திரியில துணி துவைக்கிற வேலை பார்த்தேன். எல்லாரையும் வரிசையா நிக்க வெச்சு ஊசி போட்டாங்க. மூணு தடவை. காய்ச்சலுக்குன்னு நினைச்சேன்."

"அதேதான்! இன்னொண்ணும் சொல்றேன். நிஜமாவே அந்த நோய் இருந்தாலும் தட்டுலயோ முத்தத்துலயோ ஒட்டாது. கட்டுப்படுத்த மாத்திரை இருக்கு. மூடி மறைச்சு மனசுக்குள்ள புழுங்க வேண்டிய நோயே இல்ல."

தையல்காரி சிரிக்கவில்லை. பேப்பரையே வெறித்துக்கொண்டிருந்தாள். டாக்டரம்மாவுக்குச் சற்று ஏமாற்றம்தான். சிலருக்கு நல்ல செய்தி உறைக்கவும் நேரமாகும் என்று பொறுத்துக்கொண்டார்.

"அப்போ இந்தப் பேப்பர் வாங்கின அன்னிக்கே எனக்கு ஒண்ணும் இல்லையா?"

"இல்லவே இல்ல."

"இந்த ரத்தத்தை வெச்சுக்கிட்டு ஒருத்தருக்குக் கிட்னி குடுக்கலாமா?"

"மத்த டெஸ்ட்டெல்லாம் தனி. இதைப் பொறுத்தவரை தாராளமா குடுக்கலாம்." டாக்டரம்மா உற்சாகமாகப் பேனாவை எடுத்தார். "யாருக்குன்னு சொல்லுங்க. பெரிய டாக்டருக்கு நானே சீட்டு எழுதித் தர்றேன்."

அவள் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். தோள்கள் குலுங்கின.

"எங்க அண்ணனுக்கு. அதுக்குத்தான் இந்த டெஸ்ட்டே எடுத்தேன். நோயை வெளியே சொல்ல வெட்கப்பட்டு, ஆபரேஷன்னா பயம்னு பொய் சொல்லி, மாட்டேன்னுட்டேன். 'பயமா இருந்தா விடும்மா, உன்மேல எனக்குக் கோபமே இல்ல'ன்னு என் தலையைத் தடவிட்டுத்தான் டாக்டரம்மா, போன வருஷம் கண்ணை மூடினாரு."