மூன்றாவது அப்பா

மூன்றாவது அப்பாவை அவளுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. அவர் கட்டிப்பிடித்த தோளை ஈரத்துணியால் அழுத்தி அழுத்தித் துடைத்துக்கொண்டிருந்தாள்.

மூன்று ஊர் நாடக அரங்குகள் கூட்டுச் சேர்ந்து தயாரித்த நாடகம் அது. ஊர் ஊராகப் போகும். மகளாக எங்கும் இவளே நடிப்பாள். அப்பாவாக மட்டும் அந்தந்த ஊர் நட்சத்திரம்தான் வரவேண்டும் என்று ஆளாளுக்கு அடம்பிடித்துச் சாதித்திருந்தார்கள்.

முதல் இரண்டு ஊர் அப்பாக்களும் தங்கமானவர்கள். குடும்பத்தை விட்டு ஓடிப்போன அப்பா திரும்பி வரும் கடைசிக் காட்சியில், அவர்கள் தோளில் விழுந்து அழுது மன்னித்தாள். அரங்கமே மூக்கை உறிஞ்சியது.

இந்த ஊர் ஆளோ, சகிக்கவே முடியாத பிறவி. வாயைத் திறந்தால் சிகரெட் நாற்றம், எச்சில் சாரல். வசனத்தைத் தொப்பிக்குள் ஒட்டிவைத்துப் படிப்பார். அவள் பெயரைக்கூடக் கேட்டதில்லை, 'ஏய் பொண்ணு'தான்.

வலது காது மந்தம் என்பதையும் மறைத்துவிட்டு, "முணுமுணுக்காதீங்கய்யா" என்று எல்லார்மீதும் எரிந்து விழுவார். மற்றவர்களுக்கு விஷயம் பிடிபட ஒரு வாரம் ஆயிற்று. அவள் மட்டும் முதல் ஒத்திகையிலேயே அவருக்கு இடப்பக்கமாகப் போய் நின்றுகொண்டாள்.

"கடைசிக் காட்சியை வெட்டிடுங்க சார். குமட்டுது" என்றாள் நிர்வாகியிடம்.

"வெட்டினா இந்த ஊர்க்காரங்க கூட்டை விட்டே போயிடுவாங்கம்மா. அப்புறம் நாடகமும் இல்ல, உனக்கு வேலையும் இல்ல. மூக்கைப் பிடிச்சுக்கிட்டாவது மன்னிச்சிடேன்."

அன்று மாலை மேடையில் அவர் கைகளை விரித்தார். அவள் நகரவே இல்லை. அவரே எட்டி இழுத்து அணைத்துக்கொள்ள, பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

திரை விழுந்ததும் ஒப்பனை அறைக்கே வந்து கத்தினார்.

"மத்த ஊர்ல உருகி உருகி அழுதியாமே. என்கிட்ட மட்டும் ஏன் மரம் மாதிரி நிக்கிற? அவனுங்க என்ன, என்னைவிடப் பெரிய நடிகனுங்களா?"

அவள் துணியைப் பிழிந்து கொடியில் போட்டாள். பிறகு அவருடைய இடது காதருகே வந்தாள்.

"அவங்க என் அப்பா இல்லையே."