சிரித்தால் எடுக்கும் கேமரா

இளவழகன் பொத்தானை அமுக்கினான். பச்சை விளக்கு மின்னியதே தவிர, கேமரா படம் எடுக்கவில்லை.

நாற்காலியில் மாலையோடு ராஜாக்கண்ணு. பின்னால் அவர் மனைவி கன்னியம்மாளும் தம்பிகளும் நின்றார்கள்.

“இன்னாப்பா, கேமரா புச்சா?” என்றார் மூத்த தம்பி சக்திவேல்.

“ஆமாண்ணா. காலைலதான் திருப்பத்தூர்ல வாங்கினேன்.”

கடைக்காரன் சொன்ன வசதிகளுக்கெல்லாம் இளவழகன் தலையாட்டி வைத்தான். ஒன்றுதான் புரிந்தது. யாராவது சிரித்தால் கேமரா தானாகவே எடுத்துக்கொள்ளும். கல்யாணங்களுக்கு ஆகுமென்று கடையிலேயே அதைப் போடச் சொல்லிவிட்டான். இப்போது யாரும் சிரிக்காமல் பொத்தானை அமுக்கினாலும் எடுக்க மாட்டேனென்கிறது; அதை நிறுத்தத் தெரியவில்லை.

“சீக்கிரம் எடுப்பா. பொழுதோட தூக்க வாணாமா?”

சிரிக்கச் சொன்னால் வேலை முடிந்தது. பிணத்தை உட்காரவைத்துக்கொண்டு நிற்பவர்களிடம் எப்படிச் சொல்வது? ஆதார் அட்டையைத் தவிர ராஜாக்கண்ணுவுக்கு வேறு படம் கிடையாது. சுவரில் மாட்ட இந்த ஒன்றுதான்.

“போதும், தூக்குங்க” என்றார் சக்திவேல், பொறுமையிழந்து.

எல்லோரும் குனிந்து நாற்காலியைப் பிடித்தார்கள். கன்னியம்மாள் மட்டும் நிமிர்ந்து நின்றாள். கேமரா கிளிக் என்றது.

இளவழகன் திரையைப் பார்த்தான். மஞ்சள் கட்டம் ஒரே முகத்தைச் சுற்றியிருந்தது. அடிபட்டுக் கிழிந்து, ரத்தம் காய்ந்துபோன உதட்டோடு கன்னியம்மாள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“வந்துச்சா? குடு, பாக்கலாம்.”

“சரியா வுழலண்ணா.”

சக்திவேல் கேட்கவில்லை. அவன் கழுத்திலிருந்து கேமராவைக் கழற்றினார். அழிக்கிற பொத்தானை இளவழகனின் விரல் இன்னும் தேடிக்கொண்டிருந்தது.