பதினெட்டாவது பெட்டி

"கோவிச்சுக்காதீங்க சார். முதல் தடவை செய்யறவங்க எல்லாருக்கும் எங்கேயாவது இடிக்கத்தான் செய்யும்" என்றார் கடைக்காரர், தரையில் விழுந்து கிடந்த ரயில் பெட்டியைக் குனிந்து எடுத்தபடி.

பொம்மை ரயில் கடை வைத்திருப்பவர். வாங்கியவர் வீட்டுக்கே போய்ப் பார்ப்பது அவர் வழக்கமில்லை. ஆனால் இந்த மனிதர் மூன்று நாளில் ஏழு முறை போன் செய்துவிட்டார். தொல்லை தாங்காமல் ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாகக் கிளம்பி வந்திருந்தார்.

கூடத்தில் சோபாவைக் காணோம். சுவரோரமாக நீளப் பலகை போட்டு, அதன்மேல் ஊர் ஜங்ஷனையே இறக்கி வைத்திருந்தார் வீட்டுக்காரர். பலகை கூடத்தில் தொடங்கி, கதவைக் கழற்றிய நிலை வழியாகப் படுக்கையறைக்குள் போய் முடிந்தது. பிளாட்பாரம், மேம்பாலம், சிக்னல் எல்லாம் இருந்தன. குடிதண்ணீர்க் குழாய்கூட விட்டுப்போகவில்லை. பழைய ஜங்ஷன் அல்ல. ஒரு வருடமாக இடித்துக் கட்டி, வருகிற வெள்ளிக்கிழமை திறக்கப்போகிற புது ஜங்ஷன்.

"எல்லாரும் நாலு பெட்டி, அஞ்சு பெட்டி வாங்கிட்டுப் போவாங்க. நீங்க பதினெட்டு கேட்டப்பவே நினைச்சேன், ஆள் கொஞ்சம் விவகாரம்னு. கடையில இப்ப உங்க பேரே பதினெட்டுப் பெட்டிதான்."

"நிஜ ரயில்ல பதினெட்டு இருக்கே."

"அதுக்குன்னு?"

காபியோடு வந்த மனைவி, வைக்க இடமில்லாமல் ஜன்னல் விளிம்பில் வைத்தாள். "நல்லாக் கேளுங்க. ரெண்டு மாசமா நாங்க சமையல்கட்டுல சப்பணம் போட்டுத்தான் சாப்பிடறோம். படுக்கப் போனா காலுக்கு மேல எக்ஸ்பிரஸ் ஓடுது."

"சரி, ஓட்டுங்க. என்னதான் ஆகுதுன்னு பார்ப்போம்" என்றார் கடைக்காரர்.

வீட்டுக்காரர் குமிழைத் திருப்பினார். பதினெட்டுப் பெட்டி ரயில் மெயின் லைனிலிருந்து பக்க லைனுக்குள் நுழைந்து, சிக்னலை ஒட்டி நின்றது. பின்னால் வரும் எக்ஸ்பிரஸுக்கு வழிவிட்டு அது ஒதுங்கி நிற்க வேண்டிய இடம். எக்ஸ்பிரஸ் வந்தது. கடைசிப் பெட்டியின் மூலையில் உரசி, அதையும் தள்ளிவிட்டுத் தானும் சாய்ந்தது.

"இவ்வளவுதானே? பக்க லைனை ஒரு சாண் நீட்டிப் போடுங்க."

"நீட்டக் கூடாது. ஜங்ஷன் பிளான்ல எவ்வளவோ அவ்வளவுதான்."

"அப்ப ஒரு பெட்டியைக் கழட்டுங்க."

"கழட்டவும் கூடாது."

"இப்படிப் பிடிச்ச பிடியில நின்னா எப்படி சார்? அப்ப நீங்க அளந்ததுல தப்பு."

"நானும் அதைத்தான் சொல்றேன். நாலு தடவை பிரிச்சுப் பிரிச்சுப் போட்டுட்டேன். தப்பு என் கைவேலையிலதான் இருக்கணும். பிளான்ல இருக்காது."

கடைக்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. பிளானை வாங்கித் தரையில் விரித்து, முட்டி போட்டு உட்கார்ந்து, அளவுகோலை வைத்து வைத்துப் பார்த்தார். பலகையில் ஒரு முறை, தாளில் ஒரு முறை. கால் மணி நேரம் போயிற்று.

"சார், இங்க வாங்க. பக்க லைனோட நீளத்தை எங்கேருந்து அளந்திருக்காங்க பாருங்க. தண்டவாளம் பிரியற முனையிலேருந்து. பிரிஞ்ச இடத்துலயே ரெண்டு ரயில் பக்கத்துல பக்கத்துல நிக்க முடியுமா? கொஞ்ச தூரம் போனப்புறம்தானே ரெண்டும் விலகுது? அந்தக் கொஞ்ச தூரத்தையும் நிக்கற இடமா எண்ணிட்டாங்க. சரியா ஒரு பெட்டி நீளம் உதைக்குது."

வீட்டுக்காரர் குனிந்து பார்த்தார். தாளின்மேல் நகர்ந்த விரல், தண்டவாளம் பிரியும் முனையில் நின்றுவிட்டது.

"உங்க வேலை படு சுத்தம் சார். பிளான்தான் தப்பு. எந்தப் புண்ணியவான் போட்டானோ, தூக்கக் கலக்கத்துல போட்டிருக்கான்!" கடைக்காரர் சிரித்தார். "பொம்மைங்கறதால கவுந்ததை எடுத்து வெச்சுட்டோம். வெள்ளிக்கிழமை..."

சிரிப்பு பாதியில் நின்றது. "வெள்ளிக்கிழமை அதுக்குள்ள ஆயிரம் பேரு உக்காந்திருப்பாங்களே சார்."

மனைவி கிட்டே வந்து கணவனின் முகத்தைப் பார்த்தாள். "என்னங்க?"

"அளவு தப்பு."

"நிச்சயமாவா?"

"நிச்சயமா."

அவள் பலகை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "அப்ப சொல்லிடுங்க. அப்புறம் வர்றதைப் பார்த்துக்கலாம்."

"நம்மள மாதிரி ஆளுங்க சொன்னா யாரும்மா காதுல போட்டுக்குவாங்க?" என்றார் கடைக்காரர்.

வீட்டுக்காரர் போனை எடுத்து, ஜங்ஷனின் கட்டுப்பாட்டு அறை எண்ணை அழுத்தினார். கடைக்காரரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார்.

"புது பக்க லைன்ல பதினெட்டுப் பெட்டி ரயில் நிக்காது. கடைசிப் பெட்டி மெயின் லைன்ல நீட்டிக்கிட்டு நிக்கும். வெள்ளிக்கிழமை திறப்பை நிறுத்துங்க."

"யாருங்க நீங்க? உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"வீட்டுல மாதிரி செஞ்சு ஓட்டிப் பார்த்தேன்."

மறுமுனையில் சிரிப்புக் கேட்டது. "பொம்மை ரயிலா? ஏங்க, எங்களுக்கு வேற வேலை இல்லையா? அந்தப் பிளான்ல கையெழுத்துப் போட்டவர் யாருன்னு தெரியுமா? எங்க தலைமை இன்ஜினீயர். முப்பது வருஷத்துல அவர் கணக்கு ஒரு தடவைகூடப் பிசகினதில்லை."

கடைக்காரர், அப்பவே சொன்னேனே என்பதுபோல் உதட்டைப் பிதுக்கினார்.

"இப்பப் பிசகிடுச்சு. எழுதிக்கோங்க" என்றார் வீட்டுக்காரர். "கையெழுத்து என்னோடதுதான்."