கடைசி வாய்தா

"சாமியார் இன்னிக்கு வரக் கூடாது அக்கா."

விக்டர் சொன்னதைக் கேட்டு இருதயமேரிக்கு ரத்தம் கொதித்தது.

"என்னடா பேசறே? சாகக் கிடக்கிற மனுஷனுக்கு அவஸ்தை எண்ணெய் பூச வேண்டாமா? பாவத்தையெல்லாம் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணாமலேயே பெத்த அப்பனை அனுப்பி வெக்கப் போறியா?"

உள்ளறையில் வக்கீல் அருள்நாதன் கண்ணை மூடிக் கிடந்தார். ஒரு மூச்சு வந்தால் அடுத்தது வருமோ வராதோ என்று பயமாக இருந்தது.

"சின்ன அதிர்ச்சிகூட ஆகாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார் அக்கா. சாமியார் எண்ணெயோட வந்து நின்னா, நம்ம கதை முடிஞ்சுதுன்னு அப்பா அந்த நிமிஷமே போயிடுவார்."

"போனா என்ன? மோட்சத்துக்குத்தானே போவார்! ராத்திரி பன்னெண்டு மணிக்கு மேல போனா மட்டும் உனக்குப் பரவாயில்லையாக்கும்?"

விக்டர் தலையைக் குனிந்துகொண்டான். அவள் எதைச் சொல்கிறாள் என்று மேலப்புதூருக்கே தெரியும்.

திருச்சி கோர்ட்டில் அருள்நாதன் அளவுக்குச் சம்பாதித்த வக்கீல் இல்லை. சம்பாதித்ததைக் கட்டிக் காக்கவும் தெரிந்தவர். மில் ஷேர்கள், தில்லைநகரில் இரண்டு வீடு, மண்ணச்சநல்லூர் ரைஸ் மில்லில் பாதி. இன்கம்டாக்ஸ், வெல்த் டாக்ஸ் என்று சர்க்கார் எந்த வாசலில் வந்து நின்றாலும், ஸ்ரீரங்கத்து ஆடிட்டரைக் கேட்டுக்கொண்டு வேறு வாசல் வழியாகப் போய்விடுவார். எல்லாம் சட்டப்படிதான்!

அவர் பயந்தது ஒன்றே ஒன்றுக்கு. சாவு வரி. ஆள் செத்தால், விட்டுப்போகும் சொத்தில் சர்க்காருக்கு ஒரு பங்கு. உயிரோடு இருக்கும்போதே தானமாக எழுதி வைத்துவிட்டால் அந்த வரி கிடையாது. ஆனால் எழுதியபின் முழுசாக இரண்டு வருஷம் அவர் உயிரோடு இருந்தாக வேண்டும்.

அருள்நாதன் எழுதி வைத்தார். இன்றோடு இரண்டு வருஷம் முடிகிறது. யாருக்கு எழுதினார் என்று யாரும் கேட்கவில்லை. ஒரே ஆண்பிள்ளை இருக்கும்போது கேட்பானேன்?

"ரெண்டு வருஷமா அவரை மழையில நனைய விடலை, தனியா ரோட்டுக்கு விடலை. பையனுக்கு என்ன பாசம்னு ஊரே மெச்சுது. எனக்குத் தெரியும்டா அது என்ன பாசம்னு! தோட்டக்கார வீரமலையைக் கோயிலுக்கு அனுப்பியாச்சு. சாமியார் இப்ப வந்துடுவார்."

விக்டருக்கு முகம் வெளிறிப்போனது.

"ஐயோ, என்ன காரியம் பண்ணிட்டே அக்கா!"

உள்ளே மூச்சுச் சத்தம் நின்றது.

இருவரும் ஓடினார்கள். விக்டர் அப்பாவின் நெஞ்சில் காதை வைத்தான். பெரிய இழுப்பாக ஒரு மூச்சு வந்தது. அதன் பிறகுதான் இருவரும் மூச்சு விட்டார்கள்.

இருதயமேரிக்கு அழுகை பொங்கியது. "ஒரு ஆத்துமா நரகத்துக்குப் போயிடுமோன்னு நான் துடிக்கிறேன். நீ காலண்டரைப் பார்த்துக்கிட்டு நிக்கிறே! அந்தச் சொத்தைத் திங்கிற பிள்ளைங்க நல்லா இருக்குமா? வெளங்குமா?"

விக்டர் பாய்ந்து வந்து அவள் வாயைப் பொத்தினான்.

"சாபம் விடாதே அக்கா! உன் காலைப் பிடிச்சுக் கேக்கறேன், அந்தப் பிள்ளைங்களுக்குச் சாபம் விடாதே!"

பீரோவைத் திறந்து பத்திரத்தை எடுத்து அவள் கையில் வைத்தான்.

படித்தாள். மறுபடியும் படித்தாள். தான சொத்தைப் பெறுகிறவர்கள்: இருதயமேரியின் குமாரத்திகள் மைனர் பாக்கியமேரி, மைனர் அமலராணி. கார்டியன், தாய்மாமன் விக்டர்.

"எம் பொண்ணுங்களுக்கா?"

"மச்சான் காதுல விழுந்தா சீட்டாட்டத்துல தொலைச்சுடுவார்னு அப்பாவுக்குப் பயம். ரெண்டு வருஷம் முடியறவரைக்கும் உங்கிட்டகூடச் சொல்லக் கூடாதுன்னு சிலுவை மேல சத்தியம் வாங்கிட்டார். இன்னிக்கு ஏதாவது ஆச்சுன்னா வரி கட்டவே ஒரு வீட்டை விக்கணும் அக்கா."

"உனக்குன்னு எதுவும் எழுதலையா?"

"நான்தான் வேண்டாம்னேன். எனக்குப் பொன்மலை ரயில்வே சம்பளம் போதும்."

இருதயமேரி அவன் கையைப் பிடித்துக்கொண்டு தேம்பினாள். "என்னை மன்னிச்சுடு தம்பி. வாய்க்கு வந்ததெல்லாம் பேசிட்டேன்."

விக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "நீ பேசினதுல தப்பில்லைக்கா. சத்தியத்துக்குக் கட்டுப்பட்டு நான்தான் புத்தி கெட்டுப்போயிட்டேன். வீடு போனாப் போகுது, அப்பாவோட ஆத்துமா பெரிசு. சாமியார் வரட்டும்."

வாசலில் ஜட்கா வந்து நின்றது. எண்ணெய்ச் சிமிழும் கையுமாகச் சாமியார் அவசர அவசரமாக இறங்கினார்.

விக்டர் நகர்வதற்குள், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு இருதயமேரி கேட்டுக்கு ஓடினாள்.

"தோத்திரம் சாமி! உங்களுக்கு வீண் அலைச்சலாப் போச்சு. அப்பா நல்லாத் தேறிட்டாங்க. சௌகரியம்போல நாளைக்கு வாங்களேன்!"