மருத்துவமனை இருக்கும் இடம்

மருத்துவமனைகள் இருக்கும் இடத்தைக் கருவியால் அளந்து, அங்கே குண்டு போடாதீர்கள் என்று அந்த இடத்தின் எண்களைப் போரிடும் இரண்டு தரப்புக்கும் உலக அமைப்பின் பெயரில் அனுப்புவது என் வேலை. பள்ளிக்கூடத்துக்கு மாறியிருந்த மருத்துவமனையில் தாதி ஜெசிந்தா வாசலை மறித்தார்.

“போனமுறை நீங்கள் அளந்து மூண்டாம் நாள் ஷெல் விழுந்தது, தங்கச்சி. இந்த இடமாவது ஒருத்தருக்கும் தெரியாமல் கிடக்கட்டும்.”

“அனுப்பாட்டி என்ர வேலை போயிடும், அக்கா.”

சொன்ன பிறகுதான் அவர் தோளில் தூங்கிய குழந்தையின் கட்டுப்போட்ட காலைப் பார்த்தேன்.

கருவியை அணைத்தேன். படிவத்தில் மருத்துவமனையின் எண்களுக்குப் பதிலாக எங்கள் அலுவலகத்தின் எண்களை எழுதி அவரிடம் காட்டினேன்.

“ஐயோ பிள்ளை, அப்ப உங்கட ஆக்கள்?” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

முந்தின நாளே அந்த அலுவலகத்தைக் காலிசெய்துவிட்டோம் என்று நான் சொல்லவில்லை.