ரூபி கொண்டுவந்தது

ரூபியின் வாயில் இருந்தது டம்மி இல்லை.

தினகரனுக்கு அது தூரத்திலேயே தெரிந்துவிட்டது. எலுமிச்சம்பழ அளவில், நூல் சுற்றிய ஓர் உருண்டை. காட்டுப்பன்றிக்குத் தீனி வாசனை பூசி வைக்கிற அவுட்டுக்காய். கடித்தால் வெடிக்கும். கடித்த வாய் மிஞ்சாது.

அதை வைத்ததே அவன்தான்.

நேற்றுச் சாயங்காலம் தன் மரவள்ளித் தோட்டத்து வேலியோரம் வைத்தான். பன்றிகள் பாதித் தோட்டத்தைக் கிளறிப் போட்டிருந்தன. ஆத்திரத்தில் யாரிடமோ வாங்கிவந்துவிட்டான். காலையில் போய்ப் பார்த்தால் காயைக் காணோம். வெடித்த தடமும் இல்லை. ஏதோ ஒரு மிருகத்தின் கால் பட்டு, கீழே பக்கத்து வீட்டு ரேச்சல் டீச்சரின் தேயிலைக்குள் உருண்டிருக்க வேண்டும். செடி செடியாகத் தேடினான், கிடைக்கவில்லை.

வெளியே சொன்னால் ஜெயில். இன்றைக்கு நாயை விட வேண்டாம் என்று ரேச்சல் டீச்சரிடம் ஏதாவது சாக்குச் சொல்லியிருக்கலாம். அதையும் சொல்லவில்லை. வழக்கம்போல மத்தியானம் வந்து டம்மியைக் கையில் எடுத்துக்கொண்டான்.

டீச்சர் ரிட்டயராகித் தேவர்சோலைக்கு வந்த பிறகு வளர்க்கத் தொடங்கிய லாப்ரடார்தான் ரூபி. சுட்டு வீழ்த்திய பறவையை எடுத்துவரும் சாதி. இந்தக் காலத்தில் சுடவும் முடியாது, பறவையும் விழாது. அதனால் பறவைக்குப் பதில் கேன்வாஸ் துணி உருளை; அதற்குப் பேர்தான் டம்மி. எறிவது தினகரன் வேலை, ஏவுவது டீச்சர் வேலை.

பள்ளிக்கூடத்தை விட்டாலும் பாடம் நடத்துவதை டீச்சர் விடவில்லை. டம்மி விழுகிற இடத்தை நாய் கண்ணால் குறித்துக்கொண்டால் அது 'மார்க்' என்றார். சொல்லும்வரை அசையாமல் இருந்தால் 'ஸ்டெடி'. பல் பதியாமல் கவ்வியிருப்பதற்கு 'ஹோல்ட்', அதைக் கையில் கொடுப்பதற்கு 'கிவ்'. ஹோல்ட் பழக்குவதற்காக ரூபியின் வாயில் பச்சை முட்டையை வைத்தார். நாய்க்கு முட்டையைக் கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்கிற வீடு உலகத்திலேயே இது ஒன்றுதான் என்று தினகரன் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறான்.

இன்றைக்கு டம்மியைத் தன் வேலிக்கு நேர் எதிர்ப்பக்கமாகப் பலங்கொண்ட மட்டும் எறிந்தான். ரூபி நேராகத்தான் ஓடியது. செடிகளுக்குள் போனதும் காற்று திரும்பியது. ரூபி மூக்கைத் தூக்கிக்கொண்டு வேலிப் பக்கம் மடங்கியது. பெயர் சொல்லிக் கூப்பிட வாயெடுத்தான். ஏன் கூப்பிட்டாய் என்று டீச்சர் கேட்டால் என்ன சொல்வது?

இப்போது அது வாலை ஆட்டிக்கொண்டு வருகிறது.

இது என்ன பந்து என்று சிரித்தபடியே டீச்சர் கையை நீட்டினார்.

கத்தினால் ரூபி மிரளும். மிரண்டால் வாய் இறுகும். அது என்னவென்று சொல்லித்தான் ஆக வேண்டும். அந்த நேரத்திலும், உனக்கெப்படித் தெரியும் என்று கேட்பாரே என்ற பயம்தான் அவனுக்கு முதலில் வந்தது. தன்னை நினைத்துத் தனக்கே கூசிப்போனது.

டீச்சருக்கும் நாய்க்கும் நடுவில் போய் மண்டியிட்டான். உள்ளங்கைகளைக் குவித்து ரூபியின் தாடைக்குக் கீழே நீட்டினான்.

"அது அவுட்டுக்காய்ங்க டீச்சர். நீங்க பின்னால போயிருங்க. அங்கிருந்தே, எப்பவும் சொல்ற மாதிரி கிவ் சொல்லுங்க."

டீச்சரின் செருப்புச் சத்தம் பின்னால் நகர்ந்தது. ரூபி அவன் முன்னால் உட்கார்ந்து, வார்த்தைக்காகக் காத்திருந்தது. அதன் எச்சில் வழிந்து அவன் மணிக்கட்டில் சொட்டியது. வெடித்தால் தனக்கும் சேர்த்தே வெடிக்கட்டும் என்று தினகரன் நினைத்தான். அதுதான் நியாயம் என்று பட்டது.

டீச்சர் சொன்னார். எப்போதும்போல, மெதுவாக, ஒரே ஒரு தடவை.

ரூபி வாயைத் திறந்தது. உருண்டை அவன் கைக்குள் இறங்கியது. வெதுவெதுப்பாக இருந்தது. நூலில் ஒரு பல்கூடப் பதிந்திருக்கவில்லை.

அதை ஏந்திக்கொண்டு போய்த் தண்ணீர் டிரம்முக்குள் இறக்கிவிட்டு வந்தான். டீச்சர் ரூபியைக் கட்டிக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்திருந்தார். அவனைக் கண்டதும் எழுந்துவந்து, அவன் கையைத் தன் இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டு அழுதார். அவன் மட்டும் இல்லையென்றால் ரூபியின் கதி என்ன என்றார். வைத்த பாவி யாராக இருந்தாலும் விடக்கூடாது, இப்போதே ஃபாரஸ்ட்டுக்குப் போன் போட வேண்டும் என்றார்.

ஒவ்வொரு வார்த்தையும் செருப்படியாக விழுந்தது. சொல்லிவிடலாம், இப்போதே காலில் விழுந்து சொல்லிவிடலாம் என்று நினைத்தான்.

டீச்சர் ஒரு கையை மட்டும் எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வேலியைப் பார்த்தார், ரூபியைப் பார்த்தார். அவருக்கு ஏதோ ஒன்று பிடிபடவில்லை.

"சாப்பாட்டு வாசனைக்கெல்லாம் இவ போக மாட்டாளே, தினகரன். கறியே கிடந்தாலும் தாண்டிப் போயிருவா. செடிக்குள்ள டம்மி கண்ணுக்குத் தெரியாதில்ல, எறிஞ்சவங்க கை வாசனையைப் பிடிச்சுத்தான் தேடுவா. அப்புறம் எப்படி இதைப் போய்..."

பாதியில் நிறுத்தினார். தன் கைக்குள் இருந்த தினகரனின் கையைக் குனிந்து பார்த்தார்.

பிறகு அதை விட்டுவிட்டார்.